அந்நியன் கேட்ட அலறல்

டோக்கியோ நகரம். 1874ஆம் ஆண்டு. ஏப்ரல் திங்கள்.

நீதி அமைச்சகம் நடத்தும் சட்டப் பள்ளி. வகுப்பறையிலே இளைஞர்கள் அமர்ந்திருக்கின்றனர். வீரர் குலத்தார் இடையிலே வாள் தரித்து வீதியிலே உலவும் உரிமை இன்னும் பறிபோகாத காலம். அது போனது 1876இல்தான். மன்னன் மொழியே சட்டம், மூத்தோர் வழக்கே நீதி என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த செவிகள் அங்கே காத்திருக்கின்றன.

ஆசிரியர் வருகிறார். நாற்பத்தெட்டு வயதினர். நாடு வேறு, நிறம் வேறு, மொழி வேறு. பெயர் குஸ்தாவ் புவாசொனாத். பாரிசுப் பல்கலைக் கழகத்திலே சட்டம் பயிற்றியவர். யோகோஹாமாத் துறைமுகத்திலே அவர் வந்திறங்கி ஐந்து திங்கள்தாம் ஆகின்றன. பாடம் நடப்பது பிரெஞ்சு மொழியில்.

என்ன சொல்லப் போகிறார்? தம் நாட்டுச் சட்டப் புத்தகத்தைப் பிரித்து, விதி ஒன்று, விதி இரண்டு என்று ஒப்புவிக்கப் போகிறாரா? அரசு அவரை அழைத்தது அதற்காகத்தானே! அவர் முதலில் எடுத்துக்கொண்ட பாடமோ இயற்கைச் சட்டம். ஆட்சியாளன் ஆணையிடுவதற்கு முன்பே, எழுத்தாணி ஏட்டைத் தொடுவதற்கு முன்பே, மனிதன் மனிதனுக்குச் செய்யத் தகாதவை சில உண்டு. அவற்றை அறிவால் அறியலாம். பிறர்க்குத் தீங்கு செய்யாதே என்பது அவற்றின் அடித்தளம்—இதுதான் அந்தப் பாடத்தின் கரு.

எளிய சொற்கள்! ஆனால் எத்தகைய வெடிமருந்து! சட்டத்தின்படி குடிமகன் நடந்தானா என்று மட்டுமே கேட்டுப் பழகிய நாட்டிலே, அறிவின்படி சட்டம் நடக்கிறதா என்று கேட்கும் துணிவை அந்தப் பாடம் தந்தது. கூண்டிலே நிற்க வேண்டியவன் மனிதன் மட்டுமல்லன். சட்டமும் நிற்கட்டும் என்றது. இளைஞர்க்கு இதைவிடச் சிறந்த முதற்பாடம் வேறெது?

* * *

ஜப்பானிய அரசு இந்த ஆசிரியரை அழைத்தது நீதியின்பால் கொண்ட காதலால் என்று எண்ணிவிட வேண்டாம். தேவை அழைத்தது; அவமானம் அழைத்தது. 1858ஆம் ஆண்டிலே அமெரிக்கா, நெதர்லாந்து, உருசியா, பிரிட்டன், பிரான்சு ஆகிய ஐந்து நாடுகளோடு ஜப்பான் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி, அந்த நாடுகளின் குடிமகன் ஒருவன் ஜப்பான் மண்ணிலே குற்றம் புரிந்தால், அவனை விசாரிக்க ஜப்பானிய நீதிபதிக்கு உரிமையில்லை. அவனவன் நாட்டுத் தூதரே நீதிபதி! சொந்த வீட்டிலே அயலான் வைத்த பூட்டு!

அந்தப் பூட்டை உடைக்க வேண்டுமானால் புதிய சட்டம் வேண்டும் என்று கண்டனர் புதிய ஆட்சியினர். 1872இல் இருபது மாணவருடன் சட்டப் பள்ளியைத் தொடங்கினர். 1873இல் பாரிசுக்குச் சென்ற அலுவலர்கள் அங்கே புவாசொனாதிடம் பாடம் கேட்டனர். அவரையே அழைத்தும் வந்தனர்.

அவர் வந்தபோது அங்கிருந்த சட்டம் எத்தகையது? 1870இல் வகுக்கப்பட்ட தண்டனைச் சட்டத்திலே ஒரு விதி. ‘செய்யத் தகாததைச் செய்தல்’ குற்றமாம்! எது தகாதது? அதிகாரி சொல்வது! சட்டத்திலே பெயரில்லாத குற்றத்துக்கும் தண்டனை உண்டு. வேறொரு குற்றத்தோடு ஒப்பிட்டுத் தண்டிக்கவும் வழியுண்டு. வலை விரிக்கப்பட்டிருக்கிறது, எந்தக் கண்ணி எங்கே என்று மீனுக்குத் தெரியாது.

அம்மட்டோ? ஒரே குற்றத்துக்கு உயர்குலத்தானுக்கு ஒரு தண்டனை, எளியோனுக்கு ஒரு தண்டனை. குற்றத்தின் எடையைப் பார்க்கு முன் குலத்தின் எடையைப் பார்த்தது தராசு. காமக்கிழத்திக்கும் மனைவியோடொத்த உறவுப் படியைச் சட்டமே அளித்திருந்தது. ஆடவனின் விருப்பத்துக்கு அரசாங்க முத்திரை!

இவற்றுக்கெல்லாம் மகுடம்போல ஒரு விதி: குற்றவாளி என்று தீர்ப்பளிக்க வேண்டுமானால் அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நேர்மையாக இருக்கிறது! ஒப்புக்கொள்ளாதவனைத் தண்டிப்பதில்லையாம்! ஆனால் ஒப்புக்கொள்ளும் வரை விட்டால்தானே? ஒப்புதல் வேண்டும் என்றது சட்டம். ஒப்புதலை உண்டாக்கும் பட்டறை ஆயிற்று சித்திரவதைக் கூடம்.

அந்நாளைய அரசியல் எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு சான்று போதும். 1872இல் நீதி அமைச்சராகி, நீதிமன்றச் சீர்திருத்தத்துக்கு வித்திட்டவர் எதோ ஷிம்பெய். பின்னர்ப் பதவி விலகி, சாகா என்ற பகுதியில் நடந்த கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றார், பிடிபட்டார். 1874 ஏப்ரல் 13ஆம் நாள் தீர்ப்பு, அன்றே தண்டனை. மேல்முறையீடு இல்லை. தலை கொய்யப்பட்டது, கொய்த தலை காட்சிக்கு வைக்கப்பட்டது. நீதித்துறையை நிறுத்த உழைத்தவனுக்கே நீதி கிடைக்கவில்லை! தலைநகரிலே இயற்கைச் சட்டம் வகுப்பறைக்குள் நுழைந்த அதே திங்களிலே இது நடந்தது. பாடத்துக்கும் நாட்டுக்கும் இடையே இருந்த பள்ளம் அத்தனை ஆழம்.

* * *

பாடம் சொல்வது எளிது. சொன்ன பாடம் திரும்பி வந்து ஆசிரியரையே கேள்வி கேட்கும் நாள் ஒன்று உண்டு. புவாசொனாதுக்கு அந்த நாள் ஓராண்டிலே வந்தது.

1875ஆம் ஆண்டு, ஏப்ரல் 15. பணியாற்றும் இடத்திலே அவர் செவியில் ஓர் அலறல் விழுகிறது. மனிதனின் அலறல். ஓசை வந்த திசையிலே செல்கிறார், காண்கிறார். விசாரணைக் கைதி ஒருவன். கூர் விளிம்புள்ள கட்டைகளின் மேல் அவனை மண்டியிட்டு அமர்த்தி, தொடையின் மேல் கனத்த கற்பலகைகளை ஏற்றி வைத்திருக்கின்றனர். கீழே கட்டை கிழிக்கிறது. மேலே கல் நசுக்குகிறது. நடுவிலே உண்மை பிறக்குமாம்!

அந்தக் கொட்டடி ஏதோ கொள்ளையர் குகையன்று. நீதியின் பெயரால் இயங்கிய இடம். வதைத்தவர்கள் சட்டத்தை மீறியவர்களும் அல்லர், சட்டப்படியே நடந்தவர்கள். அதுவே கொடுமையிற் கொடுமை!

அவர் என்ன செய்திருக்கலாம்? ‘நாம் விருந்தினர், ஊதியத்துக்கு வந்தவர், இது இந்நாட்டு வழக்கம்’ என்று காதைப் பொத்திக்கொண்டு வகுப்புக்குச் சென்றிருக்கலாம். சென்று, பிறர்க்குத் தீங்கு செய்யாதே என்ற பாடத்தை அழகாக நடத்தியிருக்கலாம். மாணவரும் அழகாகக் குறிப்பெடுத்திருப்பர். எத்தனை பேராசிரியர்கள் அப்படி வாழ்ந்து, ஓய்வூதியம் பெற்று, மாலையோடு மறைந்திருக்கின்றனர்!

அவர் அப்படிச் செய்யவில்லை. நீதி அமைச்சர் ஓகி டகடோவிடம் முறையிட்டார். சித்திரவதையை ஒழித்தாக வேண்டும் என்று வற்புறுத்தினார்.

பலன் ஒரே நாளில் வரவில்லை; வந்தது. 1876 ஜூனில் விதி மாறிற்று: தீர்ப்புக்கு அடிப்படை ஒப்புதலன்று, சான்றே என்று ஆயிற்று. 1879 அக்டோபரில் சித்திரவதை விதிகள் அடியோடு நீக்கப்பட்டன. இந்த வரிசையைத் தோழர்கள் உற்றுநோக்க வேண்டும். முதலில் வீழ்ந்தது கல்லன்று. கல்லைத் தேவையாக்கிய விதி! ஒப்புதல் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும் வரை, கல்லைப் பிடுங்கினால் கயிறு வரும். கயிற்றைப் பிடுங்கினால் கசை வரும். கொடுமையைக் கண்டிப்பவர் பலர். கொடுமை எதன் மேல் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பவர் சிலர். சீர்திருத்தம் என்பது அந்தச் சிலரின் வேலை.

* * *

இதை எழுதும் நாம் நீதிபதி அல்லோம், பள்ளி ஆசிரியர். எனினும் இந்த வரலாற்றைப் படித்தபோது தலை குனிந்தோம். ஏன் என்பதை மறைக்க மனமில்லை.

நாம் பொறுப்பேற்ற முதல் நாள், மூத்த ஆசிரியர் ஒருவர் அன்போடுதான் சொன்னார்: மேசை இழுப்பறையிலே பிரம்பு இருக்கிறது, தேவைப்படும் என்று. பிள்ளைகளை உடல்வழித் தண்டிக்கலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுவதை நாம் அறிவோம். தேர்விலே எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம்! ஆயினும் மூன்றாம் திங்களிலே, வகுப்பில் ஒரு பேனா காணாமற்போன நாளில், அந்தப் பிரம்பை எடுத்தோம். ஐயம் விழுந்தது ஒரு சிறுவன் மேல். ஏன் அவன் மேல்? அவனிடம் நல்ல பேனா இல்லை, அவ்வளவுதான் சான்று! முதல் அடியில் இல்லை என்றான். இரண்டாம் அடியிலும் இல்லை என்றான். நான்காம் அடியிலே ‘எடுத்தேன்’ என்றான். துப்புத் துலங்கியதாக மகிழ்ந்தோம்.

மறுநாள் பேனா கிடைத்தது—தொலைத்தவன் பைக்குள்ளேயே, கிழிந்த உறையின் அடியிலே.

“எடுக்காமலே ஏனப்பா எடுத்தேன் என்றாய்?” என்று கேட்டோம்.

“அடி நிக்கணும்னுதான் சார் சொன்னேன்.”

டோக்கியோவிலே கற்பலகையின் கீழ்க் கிடந்தவனும் இதைத்தானே சொல்லியிருப்பான்! வலி உண்மையைக் கொண்டுவருவதில்லை. வலி, வலி நிற்பதற்கான சொல்லைக் கொண்டுவருகிறது. கேட்பவன் எதை விரும்புகிறானோ அதைச் சொல்லும் கிளியாக்குகிறது மனிதனை. அந்தச் சிறுவன் நம்மை மன்னித்துவிட்டான், பிள்ளைகள் அப்படித்தான். நாம் நம்மை மன்னிக்கவில்லை. ஆகவேதான், அலறலைக் கேட்டு நின்ற அந்த ஆசிரியரைப் பற்றி, அலறலை உண்டாக்கிய இந்த ஆசிரியர் எழுதத் துணிந்தோம்.

* * *

“அதெல்லாம் சரி, அந்நியன் அல்லவா அவன்! நம் மரபு அவனுக்கென்ன தெரியும்?” என்று கேட்கும் கூட்டம் எந்த நாட்டிலும் உண்டு, ஜப்பானிலும் இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை காண்போம்.

முதல் விடை: அந்த அலறலைக் கேட்டவன் அந்நியன் மட்டுமல்லன். நெதர்லாந்தின் லெய்டன் நகரிலே சென்று பயின்று 1865இல் படிப்பை முடித்தவர் சுதா மமிச்சி என்ற ஜப்பானியர். 1874ஆம் ஆண்டிலேயே, அதாவது புவாசொனாத் அந்தக் காட்சியைக் காண்பதற்கு முந்திய ஆண்டிலேயே, மெய்ரோகு என்ற ஏட்டிலே சித்திரவதையைக் கண்டித்து எழுதினார். அறிவுக்கு நாட்டுச் சீட்டு ஏது? பிரெஞ்சுக்காரன் நெஞ்சிலும் அது பேசிற்று. ஜப்பானியன் நெஞ்சிலும் பேசிற்று. பேசாதிருந்தது, கல்லை ஏற்றியவன் நெஞ்சிலே மட்டும்.

இரண்டாம் விடை: அந்நியன் என்பதாலேயே அவர் அந்நியர் ஆதிக்கத்தின் கையாள் ஆகிவிடவில்லை. 1887இல் உடன்படிக்கைகளைத் திருத்த ஒரு திட்டம் வந்தது. ஜப்பானிய நீதிமன்றங்களிலே வெளிநாட்டு நீதிபதிகளை அமர்த்த அதிலே இடமிருந்தது. ஜப்பானிய அமைச்சரே ஆதரித்த திட்டம்! எதிர்த்தவர் யார்? வெளிநாட்டவராகிய புவாசொனாத்! இது இந்நாட்டுக்குக் கேடு என்று கருத்துரை எழுதினார். எதிர்ப்பு வலுத்தது, திட்டம் கைவிடப்பட்டது. அறிவை இறக்குமதி செய்யுங்கள், ஆதிக்கத்தை இறக்குமதி செய்யாதீர்கள்—அவர் நடந்து காட்டிய வழியின் பொருள் இதுவன்றோ?

மூன்றாம் விடை இன்னும் சுவையானது. அவர் பங்குகொண்டு உருவாக்கிய தண்டனைச் சட்டம் 1880இல் வெளியாகி 1882இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்திலே சொல்லப்படாத குற்றத்துக்குத் தண்டனையில்லை என்றது. குலத்துக்கொரு தண்டனை என்ற வழக்கை ஒழித்தது. காமக்கிழத்தி என்ற சட்டத் தகுதியை நீக்கியது. அடுத்து வந்தது குடிமைச் சட்டம். 1879 முதல் உழைத்துச் சொத்துரிமைப் பகுதிகளை அவர் எழுதினார். குடும்பம், மரபுரிமை ஆகிய பகுதிகளை எழுதியவர்கள் ஜப்பானியச் சட்ட அறிஞர்களே. 1890இல் சட்டம் வெளியாயிற்று. 1893 முதல் நாள் நடைமுறைக்கு வருமென்று அறிவிக்கப்பட்டது.

கிளம்பிற்று கூக்குரல்! சட்டப் பேராசிரியர் ஹொசுமி யட்சுகா 1891இல் ஒரு கட்டுரை எழுதினார். குடிமைச் சட்டம் வந்தால் அரச விசுவாசமும் பெற்றோர் பக்தியும் அழியும் என்பது அதன் தலைப்பின் பொருள். குடும்பத் தலைவனுக்கு அடங்கிய வீடு, அரசனுக்கு அடங்கிய நாடு, மூதாதையரை வணங்கும் மக்கள்—இவை குலையுமாம்! 1892இல் சட்டத்தை ஒத்திவைத்தது நாடாளுமன்றம். ஒத்திவைத்த சட்டம் உயிர் பெறவே இல்லை.

சரி, அந்நியச் சட்டத்தை விரட்டியவர்கள் அசல் ஜப்பானியச் சட்டத்தையா கொண்டுவந்தனர்? இல்லை! 1898இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த புதிய குடிமைச் சட்டத்துக்குப் பெரும்பாலும் முன்மாதிரி ஜெர்மானியச் சட்ட வரைவு! மரபு மரபென்று முழங்கிய ஹொசுமியும் ஜெர்மனியிலே பயின்று திரும்பியவரே! பிரெஞ்சுப் பண்டம் தீட்டு. ஜெர்மன் பண்டம் தீர்த்தமோ?

ஆகவே சிக்கல் அந்நியம் அன்று. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். சொத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றிய பகுதிகளிலே எந்த நாட்டுச் சரக்கும் வரலாம். வணிகத்துக்கு அது தேவை. வீட்டுக்குள்ளே மட்டும் வரக்கூடாது! அங்கே குடும்பத் தலைவனின் கோலைக் கீழிறக்கக்கூடாது! 1898ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கோலை உயர்த்திப் பிடித்தது. எந்த வயதினராயினும் திருமணத்துக்கு வீட்டுத் தலைவனின் இசைவு வேண்டும். முப்பது வயது நிரம்பாத ஆடவனும் இருபத்தைந்து நிரம்பாத பெண்ணும் பெற்றோர் இசைவும் பெற வேண்டும். மணமான பெண் கடன் வாங்கவோ நிலம் விற்கவோ கணவன் இசைவு வேண்டும். மரபு என்று அவர்கள் பெயரிட்டு அழைத்தது, ஆடவனின் அதிகாரத்தை!

புவாசொனாதின் காலத்துச் சட்டம் குற்றமற்றதா? அன்று. நாம் ஆளை வணங்குவோர் அல்லோம், அளந்து பார்ப்போர். 1880ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலே பிறனோடு கூடிய மனைவிக்குச் சிறை உண்டு. பிறளோடு கூடிய கணவனுக்கு அந்தச் சிறை இல்லை. 1874இல் அந்த வகுப்பறையிலே இயற்கைச் சட்டம் கேட்ட மாணவருள் பெண் ஒருத்தியும் இல்லை. பிறர்க்குத் தீங்கு செய்யாதே என்ற பாடம் பாதி மக்களை வெளியே நிறுத்திவிட்டு நடந்தது! அங்கே மூன்று பெண்கள் வழக்கறிஞர் தேர்விலே வெற்றி பெற 1938ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. வீட்டுத் தலைவனின் கோல் முறியவும், மனைவிக்கு மட்டும் சிறை என்ற விதி மறையவும், 1947ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 24ஆம் விதி, திருமணத்துக்கு ஆண் பெண் இருவரின் இசைவே அடிப்படை என்றது. இத்தனைக்கும் பின்னர் ஜப்பான் குலைந்து போயிற்றா? பெற்றோரைப் பேணும் பிள்ளைகள் அற்றுப் போயினரா? ‘அழியும், அழியும்’ என்றார்களே, அழிந்தது எது? கோல் மட்டுமே!

* * *

1895இல் புவாசொனாத் தாயகம் திரும்பினார், 1910இல் மறைந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, எழுதிய குடிமைச் சட்டம் குப்பைக்குப் போவதைக் கண்ணாலே கண்டுவிட்டுத்தான் கப்பலேறினார். இன்று டோக்கியோவிலே, அவர் பாடம் நடத்திய பள்ளியொன்றிலிருந்து வளர்ந்த ஹோசெய் பல்கலைக் கழகத்திலே, அவர் பெயரால் இருபத்தாறு மாடிக் கோபுரம் நிற்கிறது. நிற்கட்டும். நமக்கு அந்தக் கோபுரம் பெரிதன்று. கொட்டடியிலிருந்து அலறல் வந்தபோது திரும்பிய அந்தத் தலை பெரிது.

தோழர்காள்! நாளை உங்கள் முன் ஒரு சட்டம் வரும். ஒரு வழக்கம் வரும். ‘நம்முடையது, தொன்மையானது’ என்று ஒருவர் தூக்கி வருவார். ‘புதியது, மேல்நாட்டது’ என்று வேறொருவர் தூக்கி வருவார். எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஏமாறாதீர்! இதன் கீழே எவன் கிடக்கிறான், எவள் கிடக்கிறாள், அவர்கள் அலறல் இங்கே கேட்கிறதா என்று கேளுங்கள். விடை கிடைக்கும் வரை கேளுங்கள். நம் மொழியிலே எழுதப்பட்டது என்பதற்காகக் கல்லின் கனம் குறைந்துவிடாது; அயல்மொழியிலே சொல்லப்பட்டது என்பதற்காக அறிவின் ஒளி மங்கிவிடாது.

எங்கள் பள்ளியின் இழுப்பறையிலே இருந்த பிரம்பு இப்போது இல்லை. அதை நாமே முறித்து அடுப்பிலிட்டோம். ஆனால் முறிக்க வேண்டியது பிரம்பு மட்டுமன்று என்பதை டோக்கியோவின் வரலாறு கற்பித்தது. ஐயத்தையே குற்றமாகவும், அச்சத்தையே ஒப்புதலாகவும், வறுமையையே சான்றாகவும் கொள்ளும் அந்த நினைப்பை முறிக்க வேண்டும். அது நம் நெஞ்சின் இழுப்பறையிலே இருந்தது. இன்னும் எத்தனை மேசைகளிலே, எத்தனை நெஞ்சங்களிலே இருக்கிறதோ! திறந்து பாருங்கள், தோழர்களே!